பத்து எம்பிக்குள்

பிப்ரவரி 3

தம்பிக்கு,

இந்த உறைக்குள் நகம் அளவுக்கு ஒரு மெமரி கார்டு இருக்கிறது. முதலில் அதை எடுத்துப் பத்திரமாக வைத்துவிட்டுப் படி. உன் மேசையின் லட்சணம் எனக்குத் தெரியும்.

என்னோடு வேலை செய்கிற நெட்டையின் வலது கை போனதை அம்மா போனில் சொல்லியிருப்பாள். அம்மா சொன்னால் பாதி விட்டுப்போயிருக்கும், அதனால் நானே சொல்கிறேன். எங்கள் சலவைக்கூடத்தில் ஆஸ்பத்திரி விரிப்புகளைத் தேய்க்கும் சூடான உருளை இருக்கிறதே, அதற்கு முன்னால் கை உள்ளே போகாமல் இருக்க ஒரு கம்பித் தடுப்பு உண்டு. விரிப்பு சிக்குகிறது, வேலை இழுக்கிறது என்று அன்று காலை சூப்பர்வைசர் கன்னம் அதைத் தன் கையாலேயே கழற்றிச் சுவரோரம் சாய்த்தார். போல்ட்டுகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். (கன்னம் என்பது நாங்கள் வைத்த பெயர். காது கேட்காத எங்களைக் கூப்பிட விசில் ஊதுகிற மனிதருக்கு வேறு என்ன பெயர் வைப்பது? கன்னம் உப்புவதுதான் எங்களுக்குத் தெரியும்.) சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் கை உள்ளே போய்விட்டது. கன்னம் அப்போது பக்கத்தில்தான் நின்றார்.

இப்போது கம்பெனி, தடுப்பைக் கழற்றியது நெட்டையே என்கிறது. விசாரணையில் அப்படியே எழுதிவிட்டால் அவளுக்கு வேலையும் கிடையாது. தன் கையைத் தானே கொடுத்த முட்டாள் என்ற பேரோடு ஆயுசு முழுக்க இருக்க வேண்டும். கழற்றியதைக் கண்ணால் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

தொழில் விசாரணை அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் சாட்சியம் போட வேண்டும். சைகையில் பேசுகிறவர்கள் வீடியோவாகத் தரலாம் என்று அதிலேயே இருக்கிறது. மொட்டைமாடியில் நல்ல வெளிச்சத்தில் நின்று எடுத்தேன், நாலு நிமிடம். அப்லோட் செய்தால் அந்தப் பட்டை ஊர்ந்து ஊர்ந்து பாதி தாண்டும், அப்புறம் ‘பிழை’ என்று காட்டும். என்ன பிழை, யார் பிழை, ஒரு விளக்கமும் இல்லை. பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் கோப்பு பத்து எம்பிக்குள் இருக்க வேண்டும் என்று போட்டிருப்பதை மறுநாள்தான் பார்த்தேன். என் வீடியோ நானூறு எம்பி. உனக்கு மெயிலில் அனுப்பப் பார்த்தேன், அதுவும் பெரிது என்றது. அதனால்தான் தபால்.

எழுதியே கொடுத்துவிடேன் என்று மட்டும் சொல்லாதே. நெட்டை இடதுகையால் போனில் தட்டி எழுதிக் கொடுத்ததைப் பார்த்துவிட்டு, “இத யாரு எழுதிக் குடுத்தாங்க?” என்று கம்பெனி வக்கீல் கேட்டிருக்கிறார். என் கை பேசுவதை எனக்கு வேறு யாரும் எழுதிக் கொடுக்க முடியாது.

அந்தப் பக்கத்தைச் செய்தது உன் கம்பெனி என்று நீதானே பீற்றிக்கொண்டாய். செய்து கொடு.

அக்கா


பிப்ரவரி 10

அக்கா,

கார்டு வந்து சேர்ந்தது. டீ கப்புக்கு அடியில் வைக்கவில்லை, நம்பு.

கோபப்படாதே, அந்தப் பத்து எம்பியை வைத்ததே நான்தான். பக்கத்தைக் கட்டும்போது ஸ்கேன் செய்த காகிதங்கள்தான் வரும் என்றார்கள். காகிதத்துக்குப் பத்து எம்பி தாராளம். சைகை வீடியோ பற்றிய வரியைக் கடைசி நேரத்தில் அலுவலகத்தார் சேர்த்தார்கள், அளவை யாரும் தொடவில்லை. வரம்பே வைக்காமலும் விட முடியாது. எவனாவது ஒரு முழுப் படத்தைத் தூக்கிப் போட்டு சர்வரைப் படுக்க வைத்துவிடுவான்.

உன் வீடியோவைச் சுருக்கிவிட்டேன். ஆபீசில் மீட்டிங் பதிவுகளைச் சுருக்க ஒரு செட்டிங் வைத்திருக்கிறோம், அதிலேயே போட்டேன். பத்துக்குள் வந்துவிட்டது. ஓடவிட்டுப் பார்த்தேன், எல்லாம் தெளிவாக இருக்கிறது. உன் எண்ணைப் போட்டு நானே அப்லோட் செய்தேன். ‘பெறப்பட்டது’ என்று வந்தது. இனி நீ நிம்மதியாக இரு.

இங்கே வேலை கழுத்தைப் பிடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வருகிறேன். நெட்டைக்கு என் வணக்கம் சொல்.

தம்பி


மார்ச் 5

தம்பிக்கு,

விசாரணை முடிந்தது. நடந்ததைச் சொல்கிறேன்.

என் வீடியோவைச் சுவரில் பெரிதாகப் போட்டார்கள். நான் நின்றேன், என் சேலை நிறம் தெரிந்தது. கை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பிசைந்த மாவு உருண்டைகள் ஆடின. விரலே இல்லை. நான் போல்ட்டைத் திருகிக் காட்டுகிறேன், சட்டைப்பையைக் காட்டுகிறேன், சுவரில் மாவு ஆடுகிறது. மொழிபெயர்ப்பாளர் அம்மா நல்லவர். மூன்று தடவை திரும்பப் போடச் சொன்னார். கடைசியில் என்னைப் பார்த்து, “மன்னிச்சுக்கோங்கம்மா, எனக்கு ஒண்ணும் புடிபடல” என்று கையால் சொன்னார். நான் இங்கேயே நிற்கிறேனே, இப்போதே சொல்கிறேனே என்றேன். ஏற்கெனவே பதிவான சாட்சியம் மட்டும்தான் எடுத்துக்கொள்வார்களாம்.

தான் அந்த நேரத்தில் பின்பக்கக் கிடங்கில் இருந்ததாகவும், ஒன்றும் தெரியாது என்றும் கன்னம் சொன்னார். எழுதிக்கொண்டார்கள். ‘சாட்சியம் விளங்கவில்லை. தடுப்பை அகற்றியது பாதிக்கப்பட்டவரே.’ இரண்டே வரி.

இன்னொன்று. வீடியோ தொடங்கியதுமே குமாஸ்தா முகம் சுளித்துக்கொண்டு ஏதோ பொத்தானைத் திருகினார். என்ன செய்கிறார் என்று மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டேன். “சத்தம் ரொம்ப ஜாஸ்தியா இருக்காம், குறைக்கிறாரு. சத்தம் மட்டும் கண்ணாடி மாதிரி வருது” என்றார்.

சத்தம். எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. பத்து எம்பி இடத்தில் நீ சத்தத்தை அப்படியே வைத்துவிட்டு என் விரல்களை நசுக்கியிருக்கிறாய். யாருக்காகடா வைத்தாய்? என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன், நடக்கும் முன்னே என்னோடு கையில் பேசியவன். தெரியாதவன் செய்திருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடாதே. உன்னிடம் கையால் பேச எனக்கு மனசில்லை. ஏதாவது இருந்தால் எழுது.

அக்கா


மார்ச் 11

அக்கா,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆபீசுக்குப் போகிறேன், வருகிறேன்.

நீ சொன்னது சரி. திறந்து பார்த்தேன். பத்தில் ஏழரை எம்பி ஒலி. மிச்சம் இரண்டு சொச்சத்தில் உன் முழுப் படமும். மீட்டிங் பதிவுகளில் யார் என்ன பேசினார்கள் என்பதுதான் முக்கியம், மூஞ்சி எப்படி இருந்தால் என்ன என்று அந்த செட்டிங்கில் ஒலியைத் தொடாதே என்று வைத்திருந்தோம். ஒலியை மொத்தமாக எடுத்திருந்தால் படத்துக்கு நாலு மடங்கு இடம் கிடைத்திருக்கும். உன் விரல் தெரிந்திருக்கும். ஒரே ஒரு டிக், அதை எடுக்க எனக்குத் தோன்றவில்லை.

மேல்விசாரணை கேட்க வழி இருக்கிறது, அதில் புதிதாகச் சாட்சியம் தரலாம். நெட்டையைக் கையெழுத்துப் போடச் சொல். வீடியோவைச் சுருக்காமல் அப்படியே வாங்கிக்கொள்கிற மாதிரி பக்கத்தை மாற்றுகிறேன்.

ஒருதரம் வீடியோவில் வா அக்கா. திட்டவாவது வா.

தம்பி


மார்ச் 20

தம்பிக்கு,

இடதுகையால் கையெழுத்துப் போட்டாள். கோழி கிளறிய மாதிரி இருந்தது. நான் சிரித்தேன், அவளும் சிரித்தாள்.

அவளைப் பற்றி நீ ஒன்றும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். காது கேட்கிறவர்கள் எல்லாரும் ‘ஒரு கை போயிடுச்சே, எப்படிச் சமைப்பா, எப்படித் துவைப்பா’ என்கிறார்கள். அவள் எப்படிப் பேசுவாள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வீடு என்று சொல்ல நாம் இரண்டு கையையும் கூரை மாதிரி சாய்த்துச் சேர்ப்போம் இல்லையா, அவளுக்கு இப்போது ஒரு பக்கக் கூரைதான். பக்கத்தில் நான் இருந்தால் என் கையை வைத்து மறுபக்கத்தை மூடுகிறேன். நான் இல்லாத நேரத்தில் பாதி வீட்டோடு நிறுத்திவிடுகிறாள். இப்போதெல்லாம் அதிகம் பேசுவதில்லை.

எனக்கு அழுகை வருவதில்லை. உருளை ஓடுகிறது, விரிப்பை விடுகிறேன், எடுக்கிறேன், மடிக்கிறேன். புதுத் தடுப்பு போட்டிருக்கிறார்கள், பளபளவென்று.

நேற்று பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அதே பொடி எழுத்து, அதே பிழை. நீ ஏதாவது செய்கிறாயா, இல்லை டீ குடித்துக்கொண்டிருக்கிறாயா?

ஒன்று கேட்க வேண்டும். அவ்வளவு பத்திரமாக வைத்தாயே, அந்தச் சத்தத்தில் என்னதான் இருந்தது?

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

டீயும் குடித்தேன், வேலையும் செய்தேன்.

எங்கள் டீம் லீடர் அம்மாவிடம் போய் நின்றேன். “ஒருத்தருக்காக லிமிட்ட ஏத்தணுமா?” என்றார். “ஒருத்தர் இல்ல மேடம், கையால பேசுற எல்லாருக்கும்” என்றேன். “நாளைக்கு அம்பது பேர் ஒரே நேரத்துல நானூறு எம்பி தள்ளினா சர்வர் மூச்சு விடுமா? அதுக்கு பதில் சொல்லிட்டு ஏத்து” என்றார். அவர் கேட்டதும் நியாயம்தான். நீ என் அக்கா என்று அவரிடம் சொல்லவில்லை.

முதலில் எங்கள் நிரலில் இருந்த அளவை ஏற்றினேன். போகவில்லை. தேடினால் அதற்கு முன்னால் வாசலில் நிற்கும் சர்வருக்குத் தனியாக ஓர் அளவு. அதையும் ஏற்றினேன். அந்த இணையப் பக்கத்துக்குள்ளேயே இன்னொன்று. ஒரே வீட்டுக்கு மூன்று வாட்ச்மேன், ஒருவருக்கொருவர் பேச்சுவார்த்தை கிடையாது. உன் கோப்பு இரண்டாவது ஆளிடம் அடி வாங்கிக்கொண்டிருந்தது. அவன் திருப்பி அனுப்பிய காரணம் உள்ளே இருந்தவனுக்குத் தெரியாது, அதனால்தான் வெறும் ‘பிழை’.

இப்போது மொத்தமாக அனுப்புவதே இல்லை. உன் போனே வீடியோவைச் சின்னச் சின்னத் துண்டாக்கி ஒவ்வொன்றாக அனுப்பும், நாங்கள் இந்தப் பக்கம் ஒட்டிக்கொள்வோம். ஐம்பது பேர் வந்தாலும் சர்வர் திணறாது. நடுவில் நெட் போனால் விட்ட இடத்திலிருந்து தொடரும். சைகை வீடியோவுக்குத் தனி அளவு, ஐந்நூறு எம்பி. எவ்வளவு பிடிக்கும் என்பதைப் பெரிய எழுத்தில் மேலேயே போட்டிருக்கிறேன். தாண்டினால் அனுப்புவதற்கு முன்பே சொல்லிவிடும், பாதி வழியில் கழுத்தை அறுக்காது. ‘ஒலியையும் சேர்க்கவா?’ என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறேன். டிக் செய்தால்தான் ஒலி சாட்சியத்தில் சேரும்.

பழைய வீடியோவில் ஒலி ஒன்றும் பெரிதாக இல்லை. ஃபேன் சத்தம்தான்.

தம்பி


ஏப்ரல் 9

தம்பிக்கு,

நெட்டையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பக்கத்தைத் திறந்தேன். ‘உங்கள் வீடியோ 400 எம்பி. இடம் இருக்கிறது’ என்று அழுத்துவதற்கு முன்பே சொன்னது. நெட்டை என் தோளில் தட்டினாள். பாதியில் கரன்ட் போனது, நெட்டும் போனது. சரி, அவ்வளவுதான் என்று நினைத்தேன். திரும்ப வந்தபோது விட்ட இடத்திலிருந்து போய்க்கொண்டிருந்தது. நல்ல வேலை செய்திருக்கிறாய். இதை எழுத எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

வீடியோ முழுக்க ஏறிவிட்டது. கடைசி பொத்தானை அழுத்தவில்லை. அந்தக் கட்டத்தில் நின்றுவிட்டேன். ஒலியையும் சேர்க்கவா?

மொட்டைமாடியில் எடுத்தேன் என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தேன். மொட்டைமாடியில் ஏதுடா ஃபேன்?

எனக்குக் கேட்காது என்பதால் எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்று வளர்ந்தவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். நீ அந்தக் கூட்டத்தில் இல்லை என்று நினைத்திருந்தேன். என்ன இருந்தது, சொல். தெரியாமல் நான் எதற்கும் டிக் போட மாட்டேன்.

அக்கா


ஏப்ரல் 14

அக்கா,

சொல்கிறேன். இதற்கு மேல் உன்னிடம் மறைக்க எனக்குத் தெம்பில்லை.

சுருக்கி முடித்ததும் ஓடவிட்டுப் பார்த்தேன் என்று எழுதினேன் அல்லவா, பார்க்கவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேறு வேலையைத் திரையில் திறந்து வைத்து, காதில் மட்டும் ஓடவிட்டேன். மீட்டிங் பதிவுகளை அப்படித்தான் சரிபார்ப்போம். முதலில் காற்று. கொடியில் துணி படபடப்பது. உன் வளையல். கீழே எங்கேயோ வண்டி.

பிறகு நீ கத்தினாய்.

கை உள்ளே போகிற இடத்தைக் காட்டிக்கொண்டிருந்திருப்பாய். வீட்டில் நீ போடுகிற சத்தம் எல்லாம் எனக்குத் தெரியும். சிரிக்கும்போது ஒன்று, என்னை அதட்ட ஒன்று. இது அது எதுவும் இல்லை. இப்படி ஒன்று உன்னிடமிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. ஹெட்போனையும் மீறிப் பக்கத்து மேசைக்காரருக்குக் கேட்டு, “என்னாச்சு?” என்று திரும்பினார். “ஒண்ணுமில்ல சார், சவுண்ட் செக்” என்றேன்.

உடையாமல், பிசிறில்லாமல் வந்தது. சவுண்ட் ஓகே என்று நினைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினேன்.

இதுதான் அக்கா. ஃபேன் இல்லை.

தம்பி


மே 22

தம்பிக்கு,

இத்தனை நாள் பதில் போடாமல் இருந்ததற்குக் கோபம் காரணமில்லை. கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துக் கிடக்கிறது.

நான் கத்தியது எனக்குத் தெரியாது. நெட்டையிடம் சொன்னேன். “அன்னிக்கு நான் கத்தினேனா?” என்று கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? அவள் வாய் திறந்திருந்தது, அதுதான் தெரியும். அவளுக்கும் தெரியவில்லை. அது நடந்து இத்தனை நாளில் எங்களிடம் யாரும் அதைச் சொல்லவில்லை.

கட்டத்தில் டிக் போட்டேன். விசாரணை அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் காது கேட்கிறவர்கள். அவர்களுக்கும் ஏதாவது கிடைக்கட்டும் என்று நினைத்தேன்.

நேற்று மேல்விசாரணை. சுவரில் என் பத்து விரலும் இருந்தன. போல்ட்டைத் திருகியது, சாய்த்தது, சட்டைப்பையில் போட்டது, கன்னம் பக்கத்தில் நின்றது எல்லாவற்றையும் மொழிபெயர்ப்பாளர் தடங்கல் இல்லாமல் சொல்லிக்கொண்டே போனார். ஓரிடத்தில் அறை முழுக்க ஒரே நேரத்தில் தூக்கிப்போட்ட மாதிரி அசைந்தது. குமாஸ்தா கை பொத்தானுக்குப் போனது. அதிகாரி அம்மா அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். அதுதான் அந்த இடம் என்று தெரிந்துகொண்டேன்.

ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்கள். நெட்டை எழுந்தாள். ஒற்றைக் கையால் கன்னத்தைப் பார்த்துத்தான் கேட்டாள். மொழிபெயர்ப்பாளர் அதைச் சத்தமாகச் சொன்னார். “அன்னிக்கு நானும் இந்த மாதிரி கத்தினேனா?”

அவளுக்கு அது தெரிய வேண்டியிருந்தது, அவ்வளவுதான். வக்கீல் மாதிரி மடக்குவதற்கு அவள் கேட்கவில்லை. கன்னம் தலையைக் குனிந்துகொண்டு, “கத்துனீங்கம்மா. முதல்ல மெஷின் சத்தம்னு நெனச்சேன். திரும்பிப் பார்த்தா நீங்க” என்றார்.

திரும்பிப் பார்த்தாராம். கிடங்கிலிருந்து. அதிகாரி அம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தி அவரைப் பார்த்தார். கம்பெனி வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

தடுப்பை அகற்றியது சூப்பர்வைசர் என்று எழுதிவிட்டார்கள். நெட்டை மேல் தப்பில்லை. வாசலுக்கு வந்ததும் அவளிடம் சொன்னேன், “பேர் போச்சுன்னு நினைச்சோமே, வந்துடுச்சு” என்று. தலையாட்டினாள். “கத்தியிருக்கேன்” என்றாள். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள். சந்தோஷமா துக்கமா என்று எனக்குப் பிடிபடவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

உன்னை மன்னித்தேனா என்று எழுதப் பார்த்தேன், வரவில்லை. அதைக் கையில்தான் சொல்ல வரும் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வா. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, கை இரண்டும் தெரிகிற மாதிரி வெளிச்சத்தில் உட்கார்.

அக்கா